இணையராய் ஊர் காண்போம்

மனிதன் தன் ஊரைவிட்டுப் புறப்படுவதற்குக் காரணங்கள் பல. பொருள் தேடிப் புறப்படுகின்றான். கல்வி தேடிப் புறப்படுகின்றான். நோய்க்கு மருந்து தேடியும் புறப்படுகின்றான். திருமண வீட்டிற்கும் இறப்பு வீட்டிற்கும் செல்லாதார் இலர். இறைவனை நாடிச் செல்வோரும் எண்ணற்றோர். ஆயினும் ஓர் ஊரின் பழமையைக் கண்டறிய வேண்டும், அவ்வூர் மக்கள் உண்பதை உண்டு மகிழ வேண்டும் என்னும் நோக்கத்தோடு கணவனும் மனைவியும் சேர்ந்து புறப்படும் வழக்கம் நம்மிடையே, குறிப்பாகச் சிறு நகரங்களில் வாழும் நடுத்தரக் குடும்பங்களில், மிக அருகியே காணப்படுகின்றது.

மனைவியோடு பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவரைக் கண்டால், "யார் வீட்டு விசேஷம்?" என்று கேட்பர். விசேஷம் எதுவும் இல்லையெனில், "யாருக்கு உடம்புக்கு முடியவில்லை?" என்பது அடுத்த வினாவாக இருக்கும். "சும்மா ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்" என்றால், கேட்டவர் நகைத்துக்கொண்டே நகர்வார். அந்நகைப்பினுள் மூன்று எண்ணங்கள் மறைந்துள்ளன. ஊர் காண்பது வீண் செலவு என்பது ஒன்று. பெண்ணுக்கு அது தேவையற்றது என்பது மற்றொன்று. பிற சமயத்தாரின் இடமாயின் அங்கு நமக்கு என்ன வேலை என்பது மூன்றாவது. இம்மூன்றும் களையப்பட வேண்டியவை என்பதும், அதற்குத் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை, இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் போன்ற அண்மை ஊர்களே போதும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கிரேக்க நாட்டில் காண்பது

வசதி படைத்த தம்பதியர் பலர் இன்று விடுமுறைக்குக் கிரேக்க நாடு செல்கின்றனர். ஏதென்சு நகரத்துக் குன்றின்மேல் கி.மு. 447இல் தொடங்கிக் கி.மு. 432இல் முடிக்கப்பெற்ற பார்த்தனானைக் காண்கின்றனர். அதேனா என்னும் பெண்தெய்வத்திற்கு எழுப்பப்பட்ட அக்கோயில் பின்னாளில் கிறித்தவத் தேவாலயமாயிற்று. துருக்கியர் ஆட்சியில் பள்ளிவாசலாயிற்று. 1687இல் வெனிசுப் படையினர் எறிந்த குண்டு, அங்குச் சேமிக்கப்பட்டிருந்த வெடிமருந்தில் விழ, பெரிதும் சிதைந்தது. இன்றைய கிரேக்கருள் பெரும்பாலோர் கிறித்தவர். அவர்கள் அதேனாவை வணங்குவதில்லை. எனினும் அக்கட்டடம் தம்முடையது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அதனைக் காணச் செல்லும் நம்மவரையும், "உனக்கு அதேனாவிடம் நம்பிக்கை உண்டா?" என்று எவரும் கேட்பதில்லை.

குன்றிலிருந்து இறங்கினால் உணவகம். ஒலிவ எண்ணெய், ஆட்டுப்பால் கட்டி, தேன், அத்திப்பழம், மீன் ஆகியவை தட்டில் வருகின்றன. இவையெல்லாம் சாக்ரடீசு காலத்திலும் இருந்தவை. அருகில் சிவந்து கிடக்கும் தக்காளியோ பழங்கிரேக்கர் கண்டறியாதது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்கு வந்து சேர்ந்தது. ஆக, ஒரே தட்டில் ஈராயிரம் ஆண்டு வரலாறு அமர்ந்திருக்கின்றது. கல்லைக் கண்டு வரலாறு அறிவது போலவே உணவை உண்டும் வரலாறு அறியலாம் என்பதற்கு இது சான்று.

பழங்கிரேக்கரே இதனை உணர்ந்திருந்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கேலா நகரத்து ஆர்க்கெஸ்ட்ராட்டஸ் என்னும் புலவர், எந்தக் கடற்கரையில் எந்த மீன் சுவையானது, அதனை எவ்வாறு சமைக்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூறும் நூலொன்றைச் செய்யுளில் இயற்றினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்பார், எந்த ஊரில் எந்தக் கோயில், எந்தச் சிலை, அவற்றின் பழங்கதை யாது என்று கிரேக்க நாட்டைச் சுற்றி வந்து உரைநடையில் எழுதினார். முன்னவர் நூல் உணவுக்கு வழிகாட்டி. பின்னவர் நூல் பழமைக்கு வழிகாட்டி.

ஆற்றுப்படை காட்டும் நெறி

கிரேக்கர் இரு நூல்களில் செய்ததைத் தமிழ்ப் புலவர் ஒரே நூலில் செய்தனர். ஆற்றுப்படை இலக்கியத்தை வள்ளலைப் புகழும் நூல் என்று மட்டுமே நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். அது தமிழரின் பயண நூலும் ஆகும். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், வஞ்சி, மதுரை, உறந்தை என்னும் மூவேந்தர் தலைநகரங்களின் பெருமை கூறப்படுகின்றது. கடையெழு வள்ளல்களின் கொடைச் செயல்கள் நினைவூட்டப்படுகின்றன. இது வரலாறு. பின்னர் வழியிலுள்ள ஒவ்வொரு நிலத்திலும் கிடைக்கும் உணவு கூறப்படுகின்றது. நெய்தல் நிலத்தில் சுட்ட மீன். வேட்டுவர் குடியிருப்பில் புளியிட்டுச் சமைத்த சோறும் ஆமான் இறைச்சியும். மருத நிலத்தில் வெண்சோறும் நண்டுக் கலவையும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்தணர் இல்லத்தில் கிடைக்கும் மாதுளங்காயைக்கூட விடவில்லை. வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடி தூவி, கறிவேப்பிலை சேர்த்து, மாவடு ஊறுகாயோடு படைக்கும் முறையையே கூறிவிடுகின்றார்.

இப்பயணங்களில் பாணன் தனியே செல்வதில்லை. விறலியரும் சுற்றமும் உடன் செல்கின்றனர். சிறுபாணாற்றுப்படை காட்டும் வறுமைக் காட்சி நெஞ்சை உருக்குவது. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் பெண்ணை அது காட்டுகின்றது. அத்தகைய குடியினர், வழிநெடுகப் பிறர் சமைத்துப் பரிமாற உண்டு செல்கின்றனர். கணவன் ஊர் காண, மனைவி அடுப்படியில் நிற்கும் முறையைச் சங்கப் புலவர் பயணமாகக் கருதவில்லை என்பது இங்கு எண்ணத்தக்கது.

பெரும்பாணாற்றுப்படையிலேயே யவனர் கப்பலின் கூம்பில் இருந்த அன்ன விளக்கும் பேசப்படுகின்றது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தும் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடுகின்றார். பாண்டிய மன்னன் உரோமப் பேரரசன் அகஸ்டசுக்கு அனுப்பிய பரிசில்களைக் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ குறிக்கின்றார். இராசபாளையத்திற்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரின் மேலைச் சரிவில் விளைந்த மிளகு, அந்நாட்டார் உணவில் கலந்தது. கிரேக்கம் நமக்குத் தொலைவாகத் தோன்றினும் அடுப்படி வழியே அது நமக்கு உறவு நாடுதான்.

திருவில்லிபுத்தூர்

இந்நெறியில் திருவில்லிபுத்தூரைக் காண்போம். ஊரை அடையுமுன்னரே கண்ணில் படுவது 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட கோபுரம். பாண்டியன் அவையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் இதனை எழுப்பினார் என்பது வைணவ மரபு. தமிழக அரசின் முத்திரையில் விளங்குவது இக்கோபுரமே என்பது பொதுவாக வழங்கும் கருத்து. அது மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரம் என்பாரும் உளர். எதுவாயினும், நம் பிறப்புச் சான்றிதழிலும் பட்டாவிலும் பதிந்துள்ள முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கின்றது. அதனைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அண்ணாந்து பாராத தமிழர் எத்தனை பேர்!

கோபுரத்தைவிட உயர்ந்தது இவ்வூர் தந்த தமிழ். பன்னிரு ஆழ்வாருள் ஒரே பெண்ணாகிய ஆண்டாள் இங்குத் தோன்றினார். 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையும் 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும் அவர் அருளியவை. ஒரு பெண் தன் விருப்பத்தைத் தன் வாயாலேயே துணிந்து கூறிய மொழி அது. ஆண்டாள் சூடிய மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் மதுரை அழகருக்கும் செல்கின்றது. திருமுக்குளம், ஆடிப்பூரத் தேர், திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் மகால் என்று காணத்தக்கவை இன்னும் பல.

இவ்வூரின் உணவு வரலாறும் ஆண்டாள் பாசுரத்திலிருந்தே தொடங்குகின்றது. நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பானை வெண்ணெயும் நூறு பானை அக்கார அடிசிலும் படைப்பதாக அவர் நேர்ந்துகொள்கின்றார். நூற்றாண்டுகள் கடந்த பின்னர் இராமானுசர் அந்நேர்த்தியை நிறைவேற்றிவிட்டுத் திருவில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்து வரவேற்றார் என்று குருபரம்பரை கூறும். ஒரு பெண்ணின் சொல்லை நிறைவேற்றியதால் ஒருவர் அவளுக்கு அண்ணன் ஆனார். அந்த உறவை உண்டாக்கியது ஓர் உணவு.

அக்கார அடிசிலின் 'அக்காரம்' என்னும் சொல்லையே நோக்குக. வடமொழிச் 'சர்க்கரா' பிராகிருத வழியாகத் தமிழில் அக்காரமாயிற்று என்பர் மொழிநூலார். அதே சொல் கிரேக்கத்தில் 'சாக்கரோன்' என்றும் அரபியில் 'சுக்கர்' என்றும் வழங்குகின்றது. ஆண்டாளின் பாசுரமும் கிரேக்க மாலுமியின் குறிப்பும் அரபு வணிகனின் கணக்கும் ஒரே சொல்லில் இனிக்கின்றன.

இன்று இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு செல்வது பால்கோவா. அகன்ற இரும்புச் சட்டியில் பாலும் சர்க்கரையும் சேர்த்து, விறகு அடுப்பின் வெம்மையில் நின்று, அடிப்பிடிக்காமல் இடைவிடாது கிளறிச் சுண்டவைக்கும் கடும் உழைப்பின் பயன் அது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் அதன் பெயரைப் பாருங்கள். 'பால்' தமிழ், 'கோவா' வடநாட்டுச் சொல். தெற்கின் பாலும் வடக்கின் பக்குவமும் இணைந்த இனிப்பு, கோபுரத்தோடு ஒப்பிட மிக இளையது. எனினும் இன்று அவ்வூரின் அடையாளம். தூய்மை, கலப்பற்றது என்பவற்றை மட்டுமே பழமை என்று எண்ணுவோர்க்கு, அரைக்கிலோ பால்கோவாப் பொட்டலம் நல்ல பாடம் கற்பிக்கும்.

இராசபாளையம்

ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையமும் இப்பாடத்தையே வேறு முறையில் கூறுகின்றது. 'பாளையம்' என்பது படை தங்கிய இடம். விசயநகரப் பேரரசின் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து பெயர்ந்து வந்த ராஜுக்கள் இங்குக் குடியேறினர். இன்றும் அவர்தம் வீட்டுமொழி தெலுங்கு. ஆயினும் தமிழகத்தின் பொதுவாழ்வில் அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் ஆட்சித் தலைவராக விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா இவ்வூரினர். தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு அளித்தவர். அரண்மனை காணச் செல்வோர், ஆட்சியில் இருந்தும் தம் வீட்டைப் பொதுவுக்கு ஈந்த ஒருவரின் இல்லத்தையும் காண வேண்டும். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய நூற்பாலை, வேளாண்மையை நம்பியிருந்த ஊரைத் தொழில் நகரமாக்கியது. வேட்டைக்குப் பெயர் பெற்ற இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

மலையடிவாரத்து மாந்தோப்புகளில் விளையும் சப்பட்டை மாம்பழத்தைக் கோடையில் உண்டவர் அதன் சுவையை மறவார். உருத்திரங்கண்ணனார் பாடிய மாவடு ஊறுகாயை இன்றும் இப்பகுதி வீடுகளில் சாடிகளில் காணலாம். சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட மேற்கு மலைக்காடு, 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. வனத்துறையின் இசைவின்றி அங்கு நுழைதல் தகாது. எனினும் மாலை வேளையில் ஊரிலிருந்தே அம்மலையைக் கண்டு மகிழ்வதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை.

மூன்று எண்ணங்களுக்கு விடை

இனி, தொடக்கத்தில் கூறிய மூன்று எண்ணங்களுக்கு வருவோம். வீண் செலவு என்பது முதலாவது. சங்கத் தமிழில் 'செலவு' என்றால் செல்லுதல், பயணம் என்பது பொருள். பணம் கரைவதே செலவு என்று பொருள் சுருங்கியது பிற்காலத்தில். திருமணங்களில் ஒருவேளை விருந்திற்குக் கடன்பட்டுக் கொட்டும் பொருளில் சிறு பகுதி போதும். ஒரு தம்பதியர் ஆண்டிற்கு நான்கு ஊர்களைக் கண்டு வரலாம்.

பெண்ணுக்குத் தேவையற்றது என்பது இரண்டாவது. நம் குடும்பங்கள் ஓரிடத்திற்குப் புறப்பட்டால், விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறிக் கட்டுபவள் பெண்; சுமப்பவள் அவள்; பரிமாறுபவள் அவள்; திரும்பி வந்து பாத்திரம் துலக்குபவளும் அவளே. அவளுக்கு அது இடம் மாறிய அடுப்படி. ஊர் காணும் நாளில் கட்டுச்சோறு வேண்டா. பிறர் சமைத்ததை அவள் அமர்ந்து உண்ணட்டும். கோபுரத்தின் நிலைகளை அவள் எண்ணட்டும். ஆண்டாள் யார் என்று அவள் வினவட்டும். அறிந்த கணவன் கூறட்டும். அறியாதவன் அவளோடு சேர்ந்து கற்கட்டும். பெண்ணின் பாட்டால் புகழ் பெற்ற ஊரை ஆண்கள் மட்டும் கண்டு திரும்புவது பொருந்தாது.

பிற சமயத்தாரின் இடம் என்பது மூன்றாவது. இதனை இஸ்லாமியக் குடும்பத்தைச் சார்ந்த தமிழாசிரியர் என்ற முறையில் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்துகின்றது. அவ்வாறு வலியுறுத்தும் அத்தியாயங்களுள் ஒன்றின் பெயரே 'ரூம்'. கிரேக்க மொழி வழங்கிய கீழை உரோமப் பேரரசை அப்பெயர் குறிக்கும். 14ஆம் நூற்றாண்டில் மதுரை வரை வந்த இப்னு பதூதா, தாம் கண்ட நாடுகளின் மன்னரை மட்டும் எழுதவில்லை. வெற்றிலையையும் தேங்காயையும் மாங்காய் ஊறுகாயையும் எழுதி வைத்தார். ஆகவே, காணும் கண்ணும் உண்ணும் நாவும் கொண்டு அறிவு தேடுதல் நமக்குப் புதிய நெறியன்று.

தமிழைப் பொறுத்தவரையில் இது இன்னும் தெளிவானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில், கம்பராமாயணத்தில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தை உருவாக்கி வளர்த்தார். அதனால் அவர்தம் இறைநம்பிக்கை குறைந்ததென்று கூறியவர் இலர். உமறுப் புலவர் கம்பனைக் கற்ற தமிழால் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடினார். இஸ்லாமியக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் ஆண்டாள் பாசுரங்கள் கற்பிக்கப்படுகின்றன. முஸ்லிம் மாணவியர் அவற்றை எழுதித் தேர்ச்சி பெறுகின்றனர். பாடநூலில் நமதாகிய ஒன்று, பேருந்தில் ஏறிச் சென்று கண்டால் மட்டும் பிறருடையது ஆகிவிடுமா?

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. பார்த்தனான் வழிபாடு ஒழிந்த இடம். திருவில்லிபுத்தூர் வழிபாடு நிகழும் இடம். எனவே காணச் செல்வோர்க்கு ஒழுகலாறு வேண்டும். கொடிமரத்தோடு நிற்க வேண்டும் என்னும் விதி இருப்பின் அதனை மதித்து நிற்பதே பண்பாடு. அங்கு நிற்பதனால் நமக்கு இழிவொன்றும் இல்லை. தெருவில் நின்றே காணத்தக்கது அக்கோபுரம். படையல் உணவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது; இரண்டையும் பணிவோடு செய்யலாம். கடைத்தெருப் பால்கோவாவிற்கோ அவ்வினாவே இல்லை. அவ்வாறே நம் தர்காக்களையும் பழைய பள்ளிவாசல்களையும் காண வரும் பிற சமய அன்பர்க்கு, அவற்றின் வரலாற்றைப் பொறுமையோடு எடுத்துரைப்பது நம் கடமையாகும். ஒருவர் வீட்டுச் சோற்றை உண்டு அறியாதவர்களுக்கிடையேதான் வெறுப்பை விதைத்தல் எளிது.

தமிழ்த்துறை செய்யத்தக்கது

இதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் ஊருக்கு ஓர் ஆற்றுப்படை எழுத வேண்டும். செய்யுளில் வேண்டா, தெளிந்த உரைநடையே போதும். அவ்வூரின் பழைய கட்டடம் எது, கல்வெட்டு எங்குள்ளது, யார் எங்கிருந்து வந்து குடியேறினர், காலைக் கடையில் என்ன கிடைக்கும், நோன்புக் கஞ்சியில் எவ்வூரில் என்ன சேர்ப்பர், ஊறுகாய்ச் சாடிக்கும் கிளறும் கரண்டிக்கும் அவ்வூரில் வழங்கும் பெயர் யாது என்பவற்றை நேரிற் கேட்டு எழுத வேண்டும். சமைக்கும் பெண்களிடமும் விறகு அடுப்பின் முன் நிற்கும் தொழிலாளரிடமும் கேட்டாலன்றி இவற்றுள் பாதி கிடையாது. அவர்களோடு மறையும் சொற்களை எந்த அகராதியாலும் பின்னர் மீட்க இயலாது.

கிரேக்கம் செல்ல வாய்ப்புடையோர் செல்லட்டும். கண்டவற்றைத் தமிழில் எழுதட்டும். அவ்வாய்ப்பு இல்லாதோர் ஏங்க வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவனும் மனைவியும் கட்டுச்சோறின்றிப் பேருந்தில் ஏறட்டும். முற்பகலில் திருவில்லிபுத்தூர், பிற்பகலில் இராசபாளையம், இரவுக்குள் வீடு. வழியில் எவரேனும் "யார் வீட்டு விசேஷம்?" என்று கேட்டால், "ஊர் பார்க்கப் போகிறோம்" என்று தயங்காமல் விடை கூறட்டும்.